கன்னியாவில் ஏழு கிணறு, திருமயத்தில் ஒரு கல்வெட்டு

எங்க ஊர் திருமயத்துல சுனைன்னா சில்லுன்னுதான் இருக்கும். கோட்டைப் பாறைக் குழியில மழைத்தண்ணி தேங்கி நிக்கும், அவ்ளோதான். பூமிக்குள்ள இருந்து வெந்நி வர்றதைப் பார்க்கணும்னு சின்ன வயசு ஆசை. ஆபீஸ்ல ஆணி கம்மியான ஒரு வாரத்துல லீவு போட்டு, திருச்சியில இருந்து கொழும்பு, அங்கேருந்து பஸ்ஸுல திருகோணமலைன்னு கிளம்பிட்டேன்.

டவுன்ல இருந்து சுமார் 8 கி.மீ., அனுராதபுரம் போற பக்கம். இடத்தோட பேரு கன்னியா. நீர்வீழ்ச்சி ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. சதுரமா, சின்னச் சின்னதா ஏழு கிணறு. உள்ள இறங்கக்கூடாது, வாளியில மொண்டு ஊத்திக்கணும். சூடு ஏறக்குறைய 40 டிகிரி. ஏழுக்கும் லேசா வித்தியாசம் இருக்கு, நான் வரிசையா கையை விட்டுப் பார்த்தேன் (எஞ்சினியர் புத்தி!).

பக்கத்துல எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா ரொம்ப ஆழம் இறங்குது. கீழ போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25, 30 டிகிரி சூடு ஏறும். அந்தத் தண்ணி ஆறுறதுக்குள்ள மேல வந்துட்டா வெந்நீர் ஊற்று. இலங்கையில இந்த மாதிரி இன்னும் பல இடம் இருக்கு, மகாபெலஸ்ஸ, மகா ஓயான்னு.

ஊர்க்காரங்க சொல்ற காரணம் வேற. ராவணன் தன் தாய் இறந்த சேதி கேட்டு, ஈமக்கடன் செய்ய வாளால ஏழு இடத்துல குத்தினானாம். கதைதான். ஆனா அந்தக் கதையை நம்பி இன்னிக்கும் தாய் தகப்பனுக்கு அந்தியேட்டி செய்ய ஜனங்க இங்க வர்றாங்க. ராவணனை நாம வில்லனாவே பார்த்துட்டோம். இங்க அவன் அம்மாவுக்காக அழுத பிள்ளை.

இப்ப சிக்கல். 2011ல தொல்லியல் திணைக்களம் இதைத் தன் பொறுப்புல எடுத்துச்சு. அனுராதபுரக் காலத்து பௌத்த மடத்தோட பகுதின்னு பலகையும் வந்துச்சு. 2019ல பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டுல விகாரை கட்டப் போறாங்கன்னு தமிழர்கள் ஜூலை மாசம் போராட்டம் பண்ணினாங்க. திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்த மாசமே கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டுச்சு.

பௌத்த எச்சம் அங்க இருக்கவே முடியாதுன்னு நான் வாதாட வரலை. எங்க மாவட்டத்துலயே சித்தன்னவாசல்ல சமணர் படுக்கை இருக்கு. ஒரே இடத்துல பல காலம் அடுக்கடுக்கா கிடக்கும். ஒரு அடுக்கை மட்டும் பலகையில எழுதிட்டு, இப்ப அங்க வந்து அழறவங்களை விட்டுடறதுதான் எனக்கு உறுத்துது.

திருமயத்துலயும் சண்டை நடந்திருக்கு மக்கா. ஒரே மலையில சத்தியகிரீஸ்வரர், பக்கத்துலயே சத்தியமூர்த்திப் பெருமாள். ரெண்டும் ஒரே பாறையைக் குடைஞ்சது. சைவருக்கும் வைணவருக்கும் வருமானத்தைப் பங்கு போடறதுல தகராறு. 1245ல போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் ரெண்டு தரப்பையும் உக்கார வச்சுப் பேசி முடிச்சார். யாருக்கு என்ன பங்குன்னு கல்லுல வெட்டியும் வச்சாங்க. சாமி ரெண்டு பேரும் இன்னிக்கும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்கதான். அங்க ரெண்டு பேர் பேரும் கல்லுல ஏறுச்சு, கவனிங்க.

நான் மூணாவது கிணத்தோட நிறுத்திட்டுத் துண்டை எடுத்தேன். அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள் செய்ய வந்திருந்த பெரியவர் ஒருத்தர் தலை துவட்டிட்டு இருந்தார்.

"தம்பி எங்கேருந்து வாறீங்க?"

"புதுக்கோட்டை பக்கம், திருமயம் ஐயா."

"அவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் மூண்டோட நிக்கிறீங்க? ஏழுலயும் ஊத்துங்கோ."

ஊத்தினேன். ஏழாவது கொஞ்சம் நல்லாவே சுட்டுச்சு.