மொய் எழுதும் டிஸ்க்குகள்

எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்யாணச் செலவை ஒரே பணக்காரர் தலையில் கட்டுவதில்லை. ஊரே மொய் எழுதும். யாருக்கும் பாரம் தெரியாது. டிஸ்க் மீட்பின் வரலாறும் இந்தக் கணக்கை நோக்கித்தான் நகர்ந்தது என்பேன்.

1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு கட்டுரையை வெளியிட்டார்கள். மலிவான பல டிஸ்க்குகளில் தரவைப் பரப்பி, கூடவே பாரிட்டி என்ற சரிபார்ப்புக் கணக்கையும் எழுதிவைத்தால், ஒன்று செத்தாலும் மற்றவற்றைப் படித்து இழந்ததைக் கணக்கிட்டுவிடலாம். அதை எழுதிக்கொள்ள ஒரு ஸ்பேர் டிஸ்க் சும்மா காத்திருக்கும்.

சிக்கலே அங்கேதான். எத்தனை டிஸ்க் படித்துக் கொடுத்தாலும் எழுதுவது ஒன்றுதானே? அந்தக் கட்டுரையில் வரும் சின்ன டிஸ்க் 100 எம்பி, வேகம் நொடிக்கு 1 எம்பி. இரண்டே நிமிஷத்தில் நிரம்பிவிடும். இன்றைய 20 டிபி டிஸ்க்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் நிரப்ப, கிட்டத்தட்ட 28 மணி நேரம். கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு ஏறியது, வேகம் 200 மடங்குதான். ஒற்றைப் பாரிட்டி வரிசையில், அந்த 28 மணி நேரத்துக்குள் இன்னொரு டிஸ்க் போனால் தரவு போச்சு.

1990இல் மண்ட்ஸும் லூயியும் படிக்கும் சுமையை நிறைய டிஸ்க்குகளுக்குப் பகிர்ந்தளிக்க வழி சொன்னார்கள். 1992இல் ஐபிஎம்மின் ஜெய் மேனன் (சென்னை ஐஐடியில் படித்தவர்), மேட்சனுடன் சேர்ந்து, ஸ்பேரையே துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரப்பிவைப்பதை ஆராய்ந்தார். இனி எழுதும் வேலையும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். சும்மா இருந்த டிஸ்க்கும் தினசரி வேலைக்கு வந்துவிடும்.

ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸில் டிரெய்டு என்ற பெயரில் இது வந்தது 2021இல். எந்த டிஸ்க்கும் வேகமாகவில்லை. மொய் எழுதும் கைகள்தான் கூடின.