வெயிலைப் பெற்ற வினை

வேலூரை ‘வெயிலூர்’ என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். 2019 நவம்பர் 28-இல் அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ராணிப்பேட்டைக்கும் வெயிலில் குறைவில்லை. சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி நடு வரை, அக்னி நட்சத்திரத்தில், பாலாற்று மணலில் பகலில் கால் வைக்க முடியாது.

‘வெயில்’ பெயரா, வினையா? வேற்றுமை உருபு ஏற்றால் பெயர், காலம் காட்டினால் வினை. வெயிலை, வெயிலுக்கு, வெயிலில் என்று வருவதால் இது பெயர். ‘வெயிலித்தது’ என்று யாரும் சொல்வதில்லை. அடிக்கிறது, கொளுத்துகிறது, ஏறுகிறது, தாழ்கிறது என்று வேறு வினைகளைத்தான் அது துணைக்கு அழைக்கிறது. மழைக்கும் ‘பெய்’ வேண்டும். இடியும் குளிரும் வேறு ரகம்: இடியைக் கேட்டோம், வானம் இடித்தது, குளிரைத் தாங்கினோம், உடம்பு குளிர்ந்தது. மின்னலைக் குறிக்கும் ‘மின்’ இன்னும் சுவையானது. புணர்ச்சி விதி சொல்லும் தொல்காப்பியர், அந்தப் பெயரைத் தொழிற்பெயர் போல நடத்துகிறார்.

வெயிலுக்குள்ளும் ஒரு வினை உண்டு: ‘வே’. சோறு வெந்தது என்கிறோமே, அதே வினைதான். எரிதலும் சூடேறுதலும் அதன் பழம்பொருள். வெப்பம், வெக்கை, வெம்மை, வேனில் எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. கன்னடத்தின் ‘பிசிலு’ம் இந்தக் குடும்பம்தான், அங்கே வகரம் பகரமாகிவிட்டது. தமிழில் பெயர் வானத்தில் நிற்க, வினை பெரும்பாலும் அடுப்படிக்குப் போய்விட்டது. ‘புழுங்கு’ மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கிறது: மழைக்கு முன் உடம்பு புழுங்கும், நெல்லை அவித்தால் புழுங்கலரிசி.

ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசுவோருக்கு வெயில் ‘எண்ட’, காய்வது ‘எண்டு’. அங்கோ பெயரும் வினையும் ஒட்டியே இருக்கின்றன.

‘காய்’ என்ற வினைக்குத் தோல் பதனிடும் ‘ஷாப்’பில் ஓய்வே இல்லை. ஈரத்தோல் காய வேண்டும். ஆனால் கடும் வெயில் நேராகப் பட்டால் விறைத்துவிடும். அதனால் தடவிப் பார்ப்பதும் திருப்பிப் போடுவதும் நிழலுக்கு மாற்றுவதுமாக ஒரு கண் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். வெயில் காயும், தோல் காயும், மார்கழிக் காலையில் மனிதரும் வெயில் காய்வார்.

வேலை முடிந்து வீடு திரும்புகிறவர், “வெயில்ல வெந்துட்டேம்பா” என்கிறார். பிரிந்துபோன பெயரும் வினையும் அந்தப் பேச்சில் ஒன்றாக இருக்கின்றன. இந்த மாவட்டத்துத் தமிழாசிரியர்களே, பெயரும் வினையும் நடத்தும்போது வீட்டில் பேசும் வானிலைச் சொற்களைப் பிள்ளைகளை எழுதிவரச் சொல்லுங்கள்.