மூளைக் குருதிக்கசிவு உள்ளவர்களில் உறைகட்டி அகற்றல்

உறைகட்டி அகற்றல் என்பது மூளைத் தமனியை அடைத்துக்கொண்டிருக்கும் குருதி உறைகட்டியை வடிகுழாய் வழியாக வெளியே எடுக்கும் சிகிச்சை முறை ஆகும். பக்கவாதம் தமனி அடைபடுவதாலும் வரலாம், தமனி உடைந்து குருதி கசிவதாலும் வரலாம். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவது அரிது. அந்நிலையில் அடைப்புக்கான மருந்து கசிவை மிகுவிக்கும் என்பதால் சிகிச்சை கடினமாகிறது.

இரண்டும் சேரும் விதம்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய் உள்ளவர்கள் குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வர். இவர்களுக்கு மூளையில் கசிவு ஏற்பட்டால் அம்மருந்து நிறுத்தப்படும். அதன்பின் இதயத்தில் தோன்றும் உறைகட்டி மூளைக்குச் சென்று தமனியை அடைக்கலாம். தலைக்காயத்தால் கசிவு உள்ளவர்களுக்கும் அடைப்பு நேரலாம்.

மருந்தும் கருவியும்

ஆல்டிபிளேசு போன்ற கரைப்பு மருந்து பொதுவாக நோய் தொடங்கிய 4.5 மணி நேரத்திற்குள் தரப்படுகிறது. அது உடல் முழுவதும் பரவிச் செயற்படுவதால், மூளையில் கசிவு இருப்பின் தரப்படுவதில்லை. கருவிவழி அகற்றலுக்கு இம்மருந்து கட்டாயமன்று. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே வடிகுழாயைச் செலுத்தி, வலைபோன்ற இசுடென்ட் கருவியால் உறைகட்டியைப் பற்றி இழுப்பர். அல்லது உறிஞ்சி எடுப்பர்.

சான்றுகள்

2015 இல் வெளியான 5 ஆய்வுகள் பெரிய தமனி அடைப்பில் இம்முறையின் பயனை நிறுவின. 2018 இல் வெளியான டான், டிஃபியூசு 3 ஆகிய ஆய்வுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு முறையே 24, 16 மணி நேரம் வரை இது பயன்படும் எனக் காட்டின. ஆயினும் மூளைக் கசிவு உள்ளவர்கள் இவ்வாய்வுகளில் சேர்க்கப்படவில்லை. எனவே, கசிவின் அளவு, இடம், காலம் ஆகியவற்றையும் அடைப்பால் அழியவுள்ள மூளைப் பகுதியையும் எடைபோட்டு, மருத்துவக் குழு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவெடுக்கிறது.

இடர்கள்

அடைப்பு நீங்கியதும் பாயும் குருதி பழைய கசிவைப் பெருக்கக்கூடும். ஆகையால் குருதியழுத்தம் கவனமாகக் கட்டுப்படுத்தப்படும்; எப்பரின் போன்ற மருந்துகள் தவிர்க்கப்படும் அல்லது குறைக்கப்படும். சிகிச்சைக்குப் பின் எடுக்கும் சி.டி. படத்தில் நிறமூட்டு மருந்தும் குருதிபோல் வெண்மையாகத் தோன்றலாம். இரட்டை ஆற்றல் சி.டி. இவற்றை வேறுபடுத்த உதவும்.

மருத்துவமனையை அடையும் முன்

வெளித்தோற்றத்தைக் கொண்டு அடைப்பையும் கசிவையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது, சி.டி. படம் தேவை. எனவே வீட்டில் ஆசுபிரின் கொடுத்தல் கூடாது. மதுரையை அடுத்த ஒத்தக்கடை போன்ற ஊர்களில் உள்ளவர்கள், 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கலாம். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரம், உட்கொள்ளும் மருந்துகள், முன்பு ஏற்பட்ட மூளைக் கசிவு ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். சிகிச்சை முறையைத் தேர்வதற்கு இத்தகவல்கள் இன்றியமையாதவை.