மண்பானை முத்திரை

தில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கத்தில் மானக் பவன் என்றொரு கட்டடம் உண்டு. சிமெண்டு மூட்டையிலும் மின்விசிறியிலும் நாம் பார்த்துப் பழகிய ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குத் தாய்வீடு அதுவே. 1991-இல் மத்திய சர்க்கார், சுற்றுப்புறத்துக்குத் தீங்கு குறைந்த பண்டங்களுக்கென 'ஈகோமார்க்' என்னும் முத்திரையை ஏற்படுத்தி, அதை வழங்கும் பொறுப்பையும் அங்குள்ள தர நிர்ணய ஸ்தாபனத்திடமே ஒப்படைத்தபோது, அதற்குச் சின்னமாகத் தேர்ந்தது ஒரு மண்பானையை. தில்லிவாசிகளுக்கு அதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. கோடையில் உத்தம் நகர்க் குயவர் தெருவுக்கு வருகிறவர், பானையை விரல் முட்டியால் தட்டி, ஓசை கேட்ட பிறகே விலை பேசுவார். அந்த 'மட்கா' மின்சாரம் இல்லாமலே நீரைக் குளிர்விக்கும், உடைந்தால் மண்ணோடு மண்ணாகும்.

சோப்பு, காகிதம், வர்ணம் என்று பலவகைச் சரக்குகளுக்கு அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. கட்டாயம் ஏதுமில்லை, விரும்பியவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் தரத்துக்கான நிபந்தனைகளையும் சுற்றுச்சூழலுக்கான நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றி, பரீட்சைக்கும் உரிமத்துக்கும் பணம் கட்டி, அந்தப் பானையைப் பெற முன்வந்த உற்பத்தியாளர் மிகச் சொற்பம். ஜனங்களுக்கு விழிப்பு இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். எனக்கோ, சாந்தினி சௌக் கடையில் 'பானை போட்ட சோப்பு இருக்கிறதா?' என்று கேட்பார் இல்லாத வரையில், ஒரு முதலாளி அச்செலவை ஏற்பதற்கு முகாந்தரம் ஏது என்றே தோன்றுகிறது.

அதே காலத்தில் நம் வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனி 1989-இல் பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியையும், 1994-இல் சிலவகை அஸோ சாயங்களையும் தடுத்ததும், சரக்கு திரும்பி வந்துவிடுமோ என்ற பீதியில் தோல்காரர்கள் சாயத்தை மாற்றினார்கள். சோதனைச் சான்றும் கையுமாகவே பிறகு பேரம் பேசினார்கள். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவர்களுக்குத் துணை நின்றது. உபதேசத்தால் ஆகாதது கொள்முதல்காரரின் ஒரு கடிதத்தால் ஆயிற்று.

தில்லி மெட்ரோவின் கதையிலும் இந்தச் சூட்சுமம் தெரிகிறது. பிரேக் போடும்போது ரயிலின் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்ப, அருகில் ஓடும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்கிறது. சிக்கனம் முன்பே கிடைத்துக்கொண்டிருந்தது. ஆயினும் 2007-இல் இத்திட்டம் ஐ.நா.வின் பதிவைப் பெற்றதற்கு, உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் கார்பன் வரவுகளை விற்கலாம் என்ற வழி திறந்திருந்தது முக்கியமான காரணம். அதே ஆண்டில், தில்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய 'கிருஹா' என்னும் பசுமைக் கட்டட மதிப்பீட்டைத் தேசிய முறையாகச் சர்க்கார் ஏற்றது. ஜோர் பாகில் 2014-இல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சொந்த வீடாதலால், அதில் ஐந்து நட்சத்திரம் பெற்றது கௌரவத்தின் பொருட்டு எனலாம். யமுனைக்கு அக்கரையில், நொய்டாவின் கட்டடக்காரருக்கோ, உயர்ந்த நட்சத்திரம் பெற்றால் 5 சதவீதம் கூடுதலாகத் தளம் எழுப்ப அனுமதி கிடைத்தது. சதுர அடிக் கணக்கில் அது என்ன பெறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2024-இல் ஈகோமார்க்குக்குப் புதிய விதிகள் பிறந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்போது அதைக் கவனிக்கிறது. இம்முறை சர்க்கார் ஆபீசுகளாவது காகிதமும் வர்ணமும் வாங்கும்போது அந்த முத்திரையைக் கேட்குமா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.