பலீன் திமிங்கிலங்களின் ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்கள்

பற்களுக்குப் பதிலாகச் சல்லடை போன்ற பலீன் தகடுகளால் இரையை வடிகட்டி உண்ணும் திமிங்கிலங்களின் உள்ளுறுப்புகளில் டிரெமடோடு வகுப்பைச் சேர்ந்த தட்டைப்புழுக்கள் சில ஒட்டுண்ணிகளாக வாழ்கின்றன. அவற்றுள் இரண்டு பேரினங்கள் குறிப்பிடத்தக்கவை. ஓக்மோகாஸ்டர் குடலில் வாழ்வது. வயிற்றுப்புறத்தில் உறிஞ்சி இல்லாமல், நீளவாக்கில் வரிவரியான மேடுகள் கொண்டது. லெசித்தோடெஸ்மஸ் கல்லீரலின் பித்தநாளங்களில் வாழ்வது. வாயிலும் வயிற்றுப்புறத்திலும் உறிஞ்சிகள் உடையது. முன்னதன் ஓர் இனத்தை 1829இல் கிரெப்லினும், பின்னதன் ஓர் இனத்தை 1858இல் வான் பெனெடெனும் விவரித்தனர். ஒரே விலங்கில் வாழ்ந்தாலும் இவை வெவ்வேறு குடும்பத்தவை. ஓக்மோகாஸ்டரின் உறவினங்கள் பெரும்பாலும் நீர்ப்பறவைகளிலும் கொறிவிலங்குகளிலும் உள்ளன; லெசித்தோடெஸ்மஸின் உறவினங்கள் ஓங்கில்கள் உள்ளிட்ட பல் திமிங்கிலங்களில் உள்ளன. எனவே பலீன் திமிங்கிலத்துக்குள் இப்புழுக்கள் இருவேறு வழிகளில் வந்தன என்றும், வழி திறந்தது பரம்பரையைவிட உணவே என்றும் கொள்வது பொருந்தும்.

இவ்வகைப் புழுக்களின் முட்டைகள் விலங்கின் கழிவோடு வெளியேறுகின்றன. இளம்பருவம் நத்தை போன்ற மெல்லுடலியில் வளர்கிறது. ஓக்மோகாஸ்டரின் குடும்பத்தில், நத்தையிலிருந்து வெளிவரும் லார்வா இன்னொரு விலங்கின் உடலுக்குள் புகாமல், சிப்பி, தாவரம் போன்ற பரப்புகளின் மேல் கூடு கட்டிக்கொள்கிறது. அதை இரையோடு விழுங்குவதே தொற்றுக்குப் போதும். ஓக்மோகாஸ்டர் அண்டார்க்டிகஸ் என்ற இனம் அண்டார்க்டிக் கடலின் பலீன் திமிங்கிலங்களில் மட்டுமன்றி, அங்குள்ள வெடல் கடல்நாய்களிலும் காணப்படுகிறது. கடல்நாய் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தது, திமிங்கிலமோ குளம்புடைய விலங்குகளுக்கு உறவு. இவ்விரண்டுக்கும் பொதுவானவை கடலும் அது தரும் இரையுமே. 1966இல் விவரிக்கப்பட்ட ஓக்மோகாஸ்டர் பென்டலினியாட்டஸின் ஓம்புயிரான சாம்பல் திமிங்கிலம், கடலடிச் சேற்றை உறிஞ்சி ஆம்பிபோடு எனும் சிறு ஓட்டுடலிகளை உண்பது. நத்தைகளின் வாழிடமும் அந்தக் கடலடியே.

லெசித்தோடெஸ்மஸின் குடும்பம் கடல் பாலூட்டிகளில் மட்டுமே வாழ்வதால், அது மூதாதையரிடமிருந்து வழிவழியாக வந்தது என்ற மறுப்பு எழலாம். ஆனால் மரபணு ஒப்பீடுகள் அக்குடும்பத்தைக் கடல்மீன்களின் குடற்புழுக்களான அகந்தோகோல்பிடே குடும்பத்தோடு சேர்க்கின்றன. பரம்பரை அதைக் காத்து வந்திருக்கலாம். முதலில் உள்ளே கொண்டுவந்தது மீனுணவு என்பதே இதன் உட்பொருள். இப்புழு காணப்படும் மிங்கி, சேய் திமிங்கிலங்கள் இரண்டும் கிரில் போன்ற மிதவை உயிரிகளோடு மீனையும் உண்பவை. சான்றுகளில் பெரும்பகுதி திமிங்கில வேட்டைக் காலத்தில் அறுக்கப்பட்ட உடல்களிலிருந்து கிடைத்தது, ஆகவே அது ஒருதலையானது என்ற மறுப்பும் உண்டு. எந்த இனத்தில் புழு அதிகம், எதில் இல்லை என்ற கணக்குகளை இக்குறை பாதிக்கும். கிடைத்த புழுக்களின் உறவுமுறையைப் பாதிக்காது. வணிக வேட்டைக்கான தடை 1986இல் நடைமுறைக்கு வந்த பின் கரையொதுங்கும் உடல்களும் ஆய்வுப்பொருளாக உள்ளன. இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், பலீன் திமிங்கிலத்தின் புழுக்களை அதன் வம்ச வரலாற்றுக்கு மட்டும் சான்றாகக் கொள்வது தவறு. அவை முதன்மையாக அதன் உணவு வரலாற்றுக்கே சான்று.