குதிரைக்கு மட்டும் எப்படி?

கிரிக்கெட் மேட்ச் மேல் பணம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கலாமா என்று பேச்சு வந்தாலே ஆபீசில் யாராவது கேட்பார்கள்: "குதிரைக்கு மட்டும் எப்படி சார் விட்டார்கள்?" மும்பைக்காரர்கள், மகாலட்சுமி ரேஸ்கோர்ஸை வைத்துக்கொண்டு கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் பதில் நம்ம கிண்டியில் இருக்கிறது.

1888-ம் வருடத்து மெட்ராஸ் சிட்டி போலீஸ் சட்டத்தில், சூதாட்டம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு இருந்தது. பந்தயம் ஓடும் அன்றைக்கே பணம் கட்ட வேண்டும். அரசு அனுமதியோடு மைதானத்துக்குள் ஒதுக்கிய இடத்தில்தான் கட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள், ஒரு வேலி. குதிரை உசத்தி, சீட்டு மட்டம் என்ற பேச்சே அதில் இல்லை.

உள்ளே 'டோட்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் சீட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும். வரியும் கிளப்பின் கமிஷனும் போக, மீதியை ஜெயித்தவர்கள் அவரவர் கட்டிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் கிளப்புக்கு ஒன்றுதான். கணக்கும் எழுத்தில் இருக்கும். பேங்க்காரனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? :-)

1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. (1968-ல் அரசு லாட்டரியைத் தொடங்கியதும் அதே கட்சி ஆட்சிதான்!) கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. கடைசியில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, அதனால் சூதாட்டம் இல்லை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். அதுவரை குதிரையைக் காப்பாற்றியது வேலி. அதற்குப்பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டது 'திறமை' என்ற சொல்லை. 2017-ல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட், ஃபேன்டஸி கிரிக்கெட் சூதாட்டம் இல்லை என்று சொன்னபோது கிண்டித் தீர்ப்பைத்தான் ஆதாரம் காட்டியது. கிண்டியில் பணம் கட்ட பஸ் பிடித்துப் போக வேண்டும், கியூவில் நிற்க வேண்டும், பையில் இருப்பதுதான் போகும். போனில் ராத்திரி இரண்டு மணிக்கும் கட்டலாம், கிரெடிட் கார்டில் கடன் வாங்கியும் கட்டலாம். சம்பளம் வந்த அன்றே காலியாகும் அக்கவுன்ட்களைப் பார்க்கிறவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

2016-ல் லோதா கமிட்டி கிரிக்கெட் பெட்டிங்கைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது. தடை செய்ய முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துங்கள் என்கிற ரீதியில் 2018-ல் சட்ட கமிஷனும் எழுதியது. நடக்கவில்லை. 2025 ஆகஸ்ட்டில் பார்லிமென்ட் நேர் எதிர்த்திசையில் போனது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை, திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் சரி. அடுத்த மாதமே குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 40 சதவீதமாக ஏறியது.

ஆக, மைதானத்துக்குப் போய் நாற்பது சதவீதம் கொடுத்துக் குதிரை மேல் கட்டுபவர் பில்லோடு வீட்டுக்குப் போகிறார். ஐ.பி.எல். மேல் கட்டுபவர் இன்றும் தெருமுனை புக்கியிடம்தான் போகிறார். அங்கே வரியும் இல்லை, ரசீதும் இல்லை, வசூலுக்கு வருகிறவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வருவதும் இல்லை.