ஷிகோக்கு யாத்திரை

ஷிகோக்கு யாத்திரை: ஜப்பான் தேசத்தின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியதான ஷிகோக்குவை, 88 பௌத்த ஆலயங்களைத் தரிசித்தவண்ணம் கால்நடையாகச் சுற்றிவரும் நெடும்பயணம். கடலோரமாகவும் வயல்களினூடேயும் மலைகளில் ஏறி இறங்கியும் செல்லும் இம்மார்க்கம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளமுள்ளது. நடந்து முடிக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். போய்ச் சேர்ந்து பயனை அடைவதற்கு உரிய ஒரு தனி க்ஷேத்திரம் இதற்கு இல்லை. தீவு முழுவதையுமே சந்நிதியாகப் பாவித்துப் பிரதட்சிணம் செய்வதே இதன் அமைப்பாதலால், இங்கே நடையே வழிபாடாகிறது.

இவ்வழிக்கு நாயகர் கூக்காய் (774–835) என்னும் மகான். கோபோ தைஷி என்று ஜனங்கள் இன்றும் பக்தியோடு வழங்கும் பட்டம், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 921-இல் அரசவையால் அளிக்கப்பட்டது. ஷிகோக்குவின் சனுகி நாட்டில் பிறந்து, உத்தியோகத்துக்குரிய கல்வியைப் பாதியில் துறந்து தவத்தை மேற்கொண்ட இவர், இத்தீவின் தைரியூ மலையிலும் முரோட்டோ முனையிலும் தாம் மந்திர ஜபம் புரிந்ததைத் தம் இளமைக்கால நூலொன்றில் தாமே குறித்திருக்கிறார். 804-இல் சீனம் சென்று, சாங்கான் நகரில் ஹுய்குவோ என்னும் ஆசாரியரிடம் தீட்சை பெற்று, 806-இல் தாயகம் திரும்பி ஷிங்கோன் என்னும் பௌத்த மரபை நிலைநாட்டினார். அந்தக் குருபரம்பரையில் ஹுய்குவோவின் குரு அமோகவஜ்ரர்; அமோகவஜ்ரரின் குருவோ, காஞ்சி அரசோடு சம்பந்தமுடையவர் என்று சீனச் சரிதங்கள் கூறுகின்ற, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனம் போந்த வஜ்ரபோதி. ஆதலின் தமிழ் வாசகர் இம்மார்க்கத்தை முற்றிலும் அன்னியமானதாகக் கருத வேண்டுவதில்லை.

88 ஆலயங்களையும் கூக்காயே முறைப்படுத்தினார் என்பது ஐதிகமேயன்றிச் சரித்திரமன்று. துறவிகள் திரிந்த பல வழிகள் நூற்றாண்டுகள்தோறும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மார்க்கமாயின. 1687-இல் ஷின்னென் என்னும் துறவி வெளியிட்ட வழிகாட்டி நூலுக்குப் பின்னரே சாமானிய ஜனங்கள் பெருந்திரளாக நடக்கலாயினர். பழைய நாட்டுப் பிரிவுகள் நான்கும் சாதகனின் நான்கு நிலைகளாகக் கொள்ளப்படுகின்றன: ஆவா நாட்டில் ஞான வேட்கை பிறக்கிறது, தோசாவில் தவம், ஈயோவில் போதம், சனுகியில் நிர்வாணம். இந்தப் பாகுபாடு பிற்காலத்தாரின் கற்பனையே எனினும், நடப்பவரின் கால்கள் இதை மெய்ப்பித்துவிடுகின்றன. வழியின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோசாவில் கிடக்க, ஆலயங்களோ அங்கே 16 மட்டுமே. ஆவாவின் கடைசி ஆலயமாகிய 23-ஆவதற்கும் தோசாவின் முதல் ஆலயமாகிய 24-ஆவதற்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர் தூரம், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பசிபிக் சமுத்திரமுமாக, தரிசனத்துக்கு அடுத்த ஆலயம் எதுவுமின்றி, காற்றிலும் மழையிலும் நாட்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. பிரார்த்தனைகளும் சங்கற்பங்களும் களைப்பில் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், அடுத்த அடியை எடுத்து வைப்பது ஒன்றே எஞ்சுகிற அந்த நிலையைத் தவம் என்று பெயரிட்டவர்கள், நிச்சயமாகத் தாமும் நடந்து பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

யாத்திரிகரின் வெள்ளை அங்கி பிணத்துக்குப் போர்த்தும் ஆடையின் நிறத்தது. முற்காலத்தில் நோயாளிகளும், குஷ்டரோகத்தால் ஊரைவிட்டு விலக்கப்பட்டவர்களும், திரும்பிச் செல்ல வீடற்றவர்களும் இவ்வழியிலேயே நடந்து நடந்து மாண்டனர். அவர்களுடைய கைத்தடியே புதைகுழியின்மேல் நடப்பட்டது. அத்தடியின் மேல்முனையில் பஞ்சபூதங்களைக் குறிக்கும் பீஜாக்ஷரங்கள், பிராமியின் வழிவந்த சித்தம் லிபியில் எழுதப்பட்டிருக்கும். தடி கோபோ தைஷியின் சொரூபமே என்பது நம்பிக்கை. தனியே நடப்பவரும் அவரோடு இருவராகவே நடக்கிறார் என்ற வாசகம் தொப்பியிலும் பையிலும் காணப்படும். மாலையில் விடுதியை அடைந்ததும் தம் பாதங்களைக் கழுவுமுன் தடியின் அடிமுனையைக் கழுவித் துடைத்து, அறையில் உயர்ந்த இடத்தில் வைப்பர். பாலங்களைக் கடக்கும்போது தடியைத் தரையில் ஊன்றுவதில்லை. உணவும் தங்குமிடமும் மறுக்கப்பட்ட ஓரிரவில் தைஷி பாலத்தடியில் குளிரில் படுத்திருந்தாராம். இன்றைக்கும் கீழே அவர் உறங்கக்கூடும் என்று கருதி, காங்கிரீட் பாலத்தின்மீதும் தடியைத் தூக்கிப் பிடித்தே நடக்கிறார்கள்.

மார்க்கத்தின் உட்பொருளை எமோன் சபுரோவின் கதை நன்கு விளக்குகிறது. ஈயோ நாட்டுச் செல்வராகிய இவர், வாசலுக்குப் பிக்ஷைக்கு வந்த துறவி ஒருவரைப் பலமுறை விரட்டி, கடைசியில் அவருடைய திருவோட்டையும் உடைத்தார். அதன்பின் எமோனின் எட்டுப் பிள்ளைகளும் அடுத்தடுத்து மாண்டனர். வந்தவர் தைஷியே என்றுணர்ந்து, மன்னிப்புக் கேட்பதற்காக வீடு வாசலைத் துறந்து 20 தடவை தீவை வலம் வந்தும் காணாமல், 21-ஆம் தடவை இடமாகச் சுற்றி வருகையில், 12-ஆம் ஆலயமான ஷோசன்ஜியின் மலைப்பாதையில் தளர்ந்து விழுந்தபோதுதான் தைஷி எதிரே தோன்றி அவரை மன்னித்தார். ஈய மறுத்தவன், ஒவ்வொரு நாளும் பிறர் வாசலில் இரந்துண்டு நடக்கும்படி ஆனதில்தான் இக்கதையின் முழுக் கருத்தும் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏனெனில் இவ்வழியின் உயிர்நாடி ஒசெத்தாய் என்னும் உபசாரமே. வயலில் வேலை செய்யும் மூதாட்டி வரப்பைத் தாண்டி விரைந்து வந்து ஆரஞ்சுப் பழங்களைக் கையில் வைத்து வணங்குவதும், கடைக்காரர் தேநீரும் சில நாணயங்களும் கொடுப்பதும், இரவு தங்க இலவசமாக இடமளிப்பதும் அங்கே அன்றாட வழக்கம். யாத்திரிகருக்கு அளிப்பது தைஷிக்கே அளிப்பதாதலால், அதை மறுப்பது முறையன்று; பெற்றவர் தம் பெயர் எழுதிய சீட்டொன்றைப் பதிலாகத் தந்து கைகூப்ப வேண்டும். வலுவும் வசதியும் உள்ளவனுக்குக் கொடுப்பது எளிது. தகுதியைப் பற்றிய கேள்வியே எழாமல் வந்ததைக் கையேந்திப் பெற்றுக்கொள்வதோ, ஷோசன்ஜியின் ஏற்றத்தைவிடக் கடினமான அனுஷ்டானம். அகங்காரம் கரைவது மலையுச்சியிலன்று, இந்த வாசற்படிகளிலேதான்.

பின்னாளில் ஜப்பானியப் பெண்களின் வரலாற்றை ஆராய்வதில் முன்னோடியாக விளங்கிய தகாமுரே இட்சுயே, 1918-இல் தம் 24-ஆம் வயதில் இவ்வழியே நடந்து பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார். 1866 தொட்டு 1922-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 280 தடவை சுற்றிய நகத்சுகாசா மோஹெய் என்பவர் நட்ட வழிகாட்டிக் கற்கள் இன்னும் பல முச்சந்திகளில் நிற்கின்றன. இக்காலத்தில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் காரிலும் சுற்றிவருகின்றனர். நடப்பவர் சிறுபான்மையினர்; அவர்களிலும், உற்றாரை இழந்தவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பௌத்த நம்பிக்கையே இல்லாத வெளிநாட்டார் எனப் பல திறத்தினர் உண்டு. 88-ஆம் ஆலயமான ஓக்குபோஜியில் சுற்று முடிந்தபின் பலர் முதல் ஆலயத்துக்கே திரும்பி வட்டத்தை நிறைவு செய்கின்றனர். வேறு பலர், தைஷி இன்னும் தியானத்தில் அமர்ந்திருப்பதாக நம்பப்படும் கோயா மலைக்குச் சென்று, யாத்திரை முடிந்த செய்தியை அவரிடம் தெரிவித்து வருகின்றனர்.